குற்றாலத்துக் கையெழுத்து

சங்கரேஸ்வரி வக்கீலுக்குப் படித்ததற்கு நீதி, நேர்மை என்று பெரிய காரணமெல்லாம் கிடையாது. அண்ணன் படிக்க வைத்தான், படித்தாள். அந்த அண்ணன் சுடலைராஜ் கொலைக் கேசில் பாளையங்கோட்டை ஜெயிலுக்குப் போனபிறகு அவள் படிப்புக்கு ஒரே வேலைதான் மிச்சம். அவனை உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவரணும். அம்மை முப்பிடாதியம்மாள் அதைத் தினமும் குத்திக்காட்டினாள். "ஏட்டி, அவன் வேர்வ சிந்துனதாலதான் நீ புஸ்தகம் தூக்குன. அவன வெளிய கொண்டாராத படிப்பு என்னத்துக்கு? தூக்கி அடுப்புல போடு."

தென்காசியில் அந்த வீட்டுக்கு அடிதடி ஒன்றும் புதுசில்லை. அப்பன் குடித்துவிட்டு வந்தால் முதலில் சட்டிபானை பறக்கும். அப்புறம் அம்மையின் தலைமயிர் அந்தாள் கையில் இருக்கும். பிள்ளைகள் மூன்றும் கதவுக்குப் பின்னால் நிற்கும். ஒருநாள் ரசம் ஆறிப்போச்சாம், அதற்காக அருவாமணையைத் தூக்கிக்கொண்டு சங்கரேஸ்வரி மேல் பாய்ந்தான் பாவிப்பயல். அவளுக்கு அப்போது வயசுக்கு வருகிற பருவம்கூட இல்லை. சுடலைராஜ் ஒன்பதாம் வகுப்பு. உலக்கையை எடுத்து அப்பன் கையில் ஒரே போடு. எலும்பு முறிந்த சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டது. அந்தாள் கையைத் தூக்கிக்கட்டிக்கொண்டு செங்கோட்டை தாண்டி மலையாளத்துப் பக்கம் போனான், போனவன் திரும்பவில்லை. தொலைந்தது சனியன் என்று யாரும் தேடவும் இல்லை.

அதோடு சுடலைராஜ் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுக் குற்றாலத்தில் வண்டி ஸ்டாண்டில் வேலைக்கு நின்றான். விசில் ஊதுவான், கார்க்காரனுக்கு இடம் காட்டுவான், டோக்கன் கிழித்துக் கொடுப்பான். சாரல் நனைந்து நனைந்தே தங்கச்சிக்குப் பீஸ் கட்டினான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல அண்ணன். ஆனால் நல்ல அண்ணன் நல்ல மனுசனாகவும் இருக்கணும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கு?

சீசன் வந்தால் குற்றாலத்தில் வண்டி ஸ்டாண்டு ஏலம் என்பது சாமானியச் சண்டை இல்லை. அந்த வருசம் ஏலம், வழக்கமாக எடுக்கிற நல்லக்கண்ணு கையைவிட்டுப் போனது. சுடலைராஜின் முதலாளி எடுத்தார். முதலில் கார்க் கண்ணாடி உடைந்தது, அடுத்து மண்டை உடைந்தது. சீசன் ஓய்ந்த ஒரு மத்தியானம் நல்லக்கண்ணுவின் மூத்த மகனை நாலு பேர் மறித்து வெட்டினார்கள். சுடலைராஜ் அரிவாள் எடுக்கவில்லை. கைகள் இரண்டையும் பின்னால் முறுக்கிப் பிடித்துக்கொண்டான், அவ்வளவுதான். அவ்வளவுதானா? அவன் பிடித்திராவிட்டால் அந்தப் பயல் ஓடியிருப்பான். பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் கப் வாங்கின பயல்.

வீட்டுக்கு வந்தவனுக்கு வாசல் குழாயில் தண்ணீர் பிடித்து ஊற்றினது சங்கரேஸ்வரிதான். சட்டையை அம்மை உருவி அடுப்பில் வைத்தாள். துணி எரிகிற நாற்றத்தில் நின்று, "எதுக்குண்ணே?" என்று சங்கரேஸ்வரி கேட்டாள்.

"நாங்க வெட்டலன்னா அவனுவ எங்கள வெட்டிருப்பானுவட்டி," என்றான். சொல்லும்போது அவன் பல் தந்தியடித்தது.

செத்தவனின் அம்மை ஆனந்தவள்ளியை இவள் சின்னதிலிருந்து பெரியம்மை என்று கூப்பிட்டவள். அந்தத் தெருவழியாகப் போவதை அன்றோடு விட்டாள்.

திருநெல்வேலி சட்டக் கல்லூரியில் பிள்ளைகள் ஹைகோர்ட்டில் இன்டர்ன்ஷிப் செய்யணும் என்பது வழக்கம். மற்றதுகள் சர்டிபிகேட்டுக்காகப் போனதுகள். சங்கரேஸ்வரி அண்ணனுக்காகப் போனாள். மதுரைக் கிளையில் கிரிமினல் கேஸ் நடத்துகிற சிவசைலம் வக்கீலிடம் நேரே போய் நின்று, "சார், ஒங்ககிட்ட வேல படிக்கணும். எங்க அண்ணன் கேசையும் நீங்கதான் எடுக்கணும்," என்றாள். அவர் அம்பாசமுத்திரத்துக்காரர், முன்கோபி, ஆனால் ஈரமுள்ளவர். பார்த்துவிட்டு, "ரெண்டுல எது மொத?" என்றார். "ரெண்டும் ஒண்ணுதான் சார்," என்றாள். சேர்த்துக்கொண்டார்.

ஒத்தக்கடையில் ஒரு விடுதியில் தங்கினாள். வெள்ளைச் சுடிதார், கறுப்புக் கோட்டு. கவுனும் கழுத்துப்பட்டையும் வக்கீலானபிறகுதான். காலையில் கேட்டில் பாஸ் காட்டி உள்ளே போனால் கேஸ் கட்டு சுமக்கணும், கோர்ட் வாசல் போர்டில் நம்பர் ஓடுவதைப் பார்த்து நிற்கணும், சீனியர் கேஸ் நெருங்கினதும் வராந்தாவில் தலைதெறிக்க ஓடி அவரைக் கூட்டி வரணும். மிச்ச நேரம் எப்.ஐ.ஆரையும் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டையும் படித்து ஒரு பக்கத்தில் சுருக்கம் எழுதிக் கொடுக்கணும். தலையின் பின்பக்கம் ஒன்று, இடது முழங்கையில் ஒன்று, கழுத்தில் எலும்புவரை ஒன்று. அம்மாடி, தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி என்று எங்கெங்கே யார் யாரை வெட்டினாலும் கடைசியில் அவள் மேசைக்குத்தான் வந்து சேரும். கூட இருந்த பிள்ளைகள் சில அதைப் படித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டை ஒதுக்கின. இவள் சாப்பிட்டாள். அண்ணன் கேசில் எங்கே பிடி கிடைக்கும் என்பது ஒன்றே புத்தியில் இருந்தது.

ஜாமீன் கிடைத்தது. சிவசைலம் நின்று வாதாடி வாங்கிக் கொடுத்தார். ஆனால் நிபந்தனை ஜாமீன். திருச்சியில் தங்கி, தினமும் காலையில் அங்குள்ள ஸ்டேஷனில் கையெழுத்துப் போடணும். மறு உத்தரவு வரும்வரை தென்காசிப் பக்கம் தலைகாட்டக்கூடாது.

அண்ணன் வெளியே வந்துவிட்டான் என்ற சந்தோசம் அந்த வீட்டில் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. சுடலைராஜ் திருச்சியில் ஒரு மேன்சன் ரூமில் கிடந்தான். ஓட்டல் சோறு ஒத்துக்கொள்ளவில்லை, வயிறு எரிகிறது என்று போனில் சொன்னான். போச்சு, அம்மை தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ஐயோ, அவ்வளவு தூரத்துல எம்புள்ளைக்கு யாரு சோறு பொங்கிப் போடுவா? கோர்ட்டு எம்புள்ளய நாடு கடத்திட்டுதே! நீ அங்கன என்னத்தட்டி புடுங்குத?"

இந்த அம்மைமார் சோறு இருக்கே, அதை என்ன சொல்ல! மகன் கொலை செய்தானா என்று கேட்கமாட்டார்கள், சாப்பிட்டானா என்று கேட்பார்கள். தம்பி சங்கிலிப்பாண்டியும் கூடச் சேர்ந்து மல்லுக்கு நின்றான். சங்கரேஸ்வரிக்கும் உள்ளுக்குள் ஆசைதான். உலக்கை எடுத்துத் தன்னைக் காப்பாற்றினவன் அநாதையாகக் கிடக்கிறானே என்று மனசு அடித்துக்கொண்டது. குற்றாலம் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டால் வீட்டில் இருந்தே போய்வரலாம். சீனியரிடம் போய் நின்றாள்.

"நிபந்தனைய மாத்த மனுப் போடணும் சார்."

"வேண்டாம்மா. அவன் திருச்சியில கெடக்குதது அவனுக்கு நல்லது. இங்கன கொண்டாந்தா தெனமும் ஒரே நேரம், ஒரே வாசல். ஊருக்கே தெரியும்."

"அந்தப் பக்கத்துக்காரங்க அடங்கிட்டாங்க சார். எங்க அம்மைக்கு ஒடம்பு சரியில்ல."

அவர் முறைத்தார். இவளும் விடவில்லை. காலையும் மாலையும் நச்சரித்தாள். கடைசியில், "எழுதிக் கொண்டா, என்னவும் செய்," என்றார்.

அவளே எழுதினாள். தாயாரின் உடல்நிலை, வறுமை, மகனின் வயிற்றுப்புண் எல்லாம் எழுதி, குற்றாலம் என்று இடத்தையும் காலை பத்தரை என்று நேரத்தையும் எழுதினாள். எதிர்த்தரப்பால் எந்த அச்சுறுத்தலும் இல்லை என்றும் ஒரு வரி எழுதினாள். அந்த வரிதான் அவள் எழுதினதிலேயே சுத்தமான பொய். அரசு வக்கீல் எழுந்து, இரண்டு குடும்பத்துக்கும் பகை ஆறவில்லை என்று சொன்னார். நீதிபதி சிவசைலத்தைப் பார்த்தார். சிவசைலம் பின்னால் திரும்பிச் சங்கரேஸ்வரியைப் பார்த்தார். அவள், ஒன்றும் வராது சார் என்பதுபோலத் தலையை ஆட்டினாள். மனு அனுமதிக்கப்பட்டது.

சுடலைராஜ் ஊர் வந்தான். சாரல் இறங்கி, சீசன் களைகட்டியிருந்த நேரம். முதல் சில நாள் சங்கிலிப்பாண்டி துணைக்குப் போனான். ஒன்றும் நடக்கவில்லை என்றதும் அவனும் விட்டான். அண்ணன் தனியாகவே பைக்கில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான்.

அந்தச் சனிக்கிழமை கோர்ட் இல்லை என்று சங்கரேஸ்வரி ஊரில் இருந்தாள். மகன் வீடு வந்தால் அருவியில் முங்குகிறேன் என்று அம்மைக்கு ஒரு வேண்டுதல். தாயும் பிள்ளைகளும் ஒரு ஆட்டோவில் போனார்கள். சங்கிலிப்பாண்டி மட்டும் வேலைக்குப் போயிருந்தான். அண்ணன் கையெழுத்துப் போட்டு வந்ததும் மூன்று பேரும் குளித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று தூக்குச்சட்டியில் சோறும் புளிக்குழம்பும் அம்மை கையில் இருந்தது.

தெரு நிறைய ஜனம். ஈரத் துண்டு, எண்ணெய் தேய்த்த உடம்பு, நேந்திரங்காய் சிப்ஸ் வறுக்கிற வாசம். சுடலைராஜ் ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்து, கூட்டத்துக்குள் தலைக்குமேல் கையைத் தூக்கி ஆட்டினான். சிரித்தான். அம்மையும் கையை ஆட்டினாள்.

எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிற ஆட்கள் மாதிரி மூன்று பேர் அவனுக்குப் பின்னால் வந்தார்கள். இடுப்பில் துண்டு, உடம்பெல்லாம் எண்ணெய் வழிகிறது. குற்றாலத்தில் அதை எவன் திரும்பிப் பார்ப்பான்? கையிலிருந்த இன்னொரு துண்டை உதறினார்கள். அரிவாள்.

முதல் வெட்டு தோளில் விழுந்தது. சுடலைராஜ் திரும்பி ஸ்டேஷனைப் பார்த்து ஓடினான். ஒரு ஈரச் செருப்பில் கால் வழுக்கி விழுந்தான். எழுந்திருக்க ஊன்றின கையில் அடுத்த வெட்டு. கூட்டம் ஓவென்று சிதறியது. கடைக்காரன் ஷட்டரை இழுத்தான். "ஏலே, வேண்டாம்ல! வேண்டாம்ல!" என்று அண்ணன் கத்தினது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. எப்படி ஓடினாள் என்று தெரியாது, ஓடிப்போய் வெட்டினவனைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தாள். பிடி நிற்கவில்லை. எண்ணெய். கையைப் பிடித்தாள், வழுக்கியது. இடுப்பைப் பிடித்தாள், வழுக்கியது. நகத்தால் பிறாண்டினாள், நகத்துக்குள் எண்ணெய்தான் வந்தது. அவன் திரும்பி அவளை ஒரு உதை உதைத்தான். இசக்கித்துரை. நல்லக்கண்ணுவின் இளைய மகன். இவள் வீட்டில் முறுக்குத் தின்று வளர்ந்த பயல்.

"ஒங்கண்ணன் எங்கண்ணன் கையப் பிடிச்சாம்லா! இப்ப பிடிக்கச் சொல்லுட்டி! பிடிக்கச் சொல்லு!" என்று அலறிக்கொண்டே வெட்டினான். அவன் கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்டியது.

அம்மை தூக்குச்சட்டியால் அவன் மண்டையில் ஓங்கி அடித்தாள். சோறும் குழம்பும் மகன் மேலேயே கொட்டியது. போலீஸ்காரர்கள் ஓடிவரும்போது மூன்று பேரும் கூட்டத்தில் கலந்துவிட்டார்கள். பிடிக்கப் போன ஆள் கையிலும் எண்ணெய்தான் மிச்சம். சுடலைராஜ் தலை அம்மை மடியில் இருந்தது. வாயைத் திறந்து என்னவோ சொல்லப் பார்த்தான். முடியவில்லை, போய்விட்டான்.

கழுத்தில் எலும்புவரை ஒன்று. அந்த ரிப்போர்ட்டையும் சங்கரேஸ்வரி படித்தாள். முன்னெல்லாம் படித்து முடித்துச் சுருக்கம் எழுதினவள், இதில் முதல் வரியைத் தாண்ட முடியாமல் உட்கார்ந்திருந்தாள். இடத்தை எழுதினது நான், நேரத்தை எழுதினது நான், தலையை ஆட்டினதும் நான் என்று தலையைச் சுவரில் மோதி அழுதாள். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை, அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது. அம்மை அந்தச் சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சங்கரேஸ்வரி கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தாள், சோப்புப் போட்டுத் தேய்த்தாள், அந்த எண்ணெய் வாடை கையைவிட்டுப் போகவே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

அடுத்த இன்டர்ன்ஷிப்புக்கும் அவள் சிவசைலத்திடமே போய் நின்றாள். அவர் கட்டுகளைத் தூக்கிக் கையில் கொடுத்தார். கொஞ்ச நாளில், பிடிபட்டு ஜெயிலில் கிடந்த இசக்கித்துரையின் ஜாமீன் மனு வந்தது. அதை எதிர்த்து முப்பிடாதியம்மாள் பேரில் இடைமனுப் போட்டார் சிவசைலம்.

அந்த வாரம் ஊருக்குப் போனபோது அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு பொதி கிடந்தது. சுடலைராஜின் ஸ்டாண்டு யூனிபார்ம் சட்டையில் சுற்றியிருந்தது. பிரித்தால் புது அரிவாள், துருப்பிடிக்காமல் இருக்கத் தேங்காயெண்ணெய் தடவியிருந்தது. சங்கரேஸ்வரி தம்பியைப் பார்த்தாள், சங்கிலிப்பாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்மை சொன்னாள்: "ஜாமீனக் குடுக்கட்டும். குடுத்தா நல்லதுதான். குற்றாலத்துலயே கையெழுத்துப் போடச் சொல்லிரு. மத்தத எம்புள்ள பாத்துக்கிடுவான்."

"யம்மா, இவனும் போயிருவாம்மா."

"போனாப் போறான். ஒங்கண்ணன் கெடந்த ரோட்டுல அவன் கெடக்கணும்ட்டி. ஒனக்குக் கண்ணு முன்னால நிக்கலியா?"

நிற்காமலா? ராத்திரி பகல் என்று இல்லாமல் நின்றது. சத்தியமாகச் சொன்னால், இசக்கித்துரை அந்த ரோட்டில் கிடப்பதை அவளும் எத்தனையோ தடவை மனசுக்குள் பார்த்து ஆறுதல்பட்டிருக்கிறாள். அந்த அளவுக்கு வெறி அவளுக்கும் இருந்தது.

கேஸ் நாளன்று அம்மையும் தம்பியும் முதல் பஸ்ஸில் வந்தார்கள். தம்பி வெளியே டீக்கடையில் நின்றுகொண்டான். அம்மை பாஸ் வாங்கி உள்ளே வந்து கோர்ட் ஹாலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். வராந்தாவில் ஆனந்தவள்ளி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு மகனைப் பறிகொடுத்து இன்னொருவனை ஜெயிலில் வைத்திருக்கிறவள், பாதியாக இளைத்திருந்தாள்.

சிவசைலம் கடுமையாக எதிர்த்தார். ஆனாலும் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது, ரொம்ப நாள் உள்ளே இருந்துவிட்டான், நிபந்தனையோடு விடலாம் என்று நீதிபதி நினைப்பது பேச்சிலேயே தெரிந்தது. எங்கே தங்குவான் என்று கேட்டார். இசக்கித்துரையின் வக்கீல், பெற்றோர் வயதானவர்கள், ஒரு மகனை இழந்தவர்கள், குற்றாலம் ஸ்டேஷனிலேயே கையெழுத்துப் போட அனுமதிக்கணும் என்றார். நீதிபதி சிவசைலத்திடம், உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்றார்.

சிவசைலம் திரும்பிச் சங்கரேஸ்வரியைப் பார்த்தார். போன தடவை பார்த்த அதே பார்வை. ஹாலின் கடைசி பெஞ்சிலிருந்து அம்மையும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா நின்றாலே போதும், ஒரு வார்த்தை பேசவேண்டாம், இசக்கித்துரை குற்றாலத்துக்கு வந்துவிடுவான். அதே தெரு, அதே பத்தரை மணி. அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த பொதி கண்ணில் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு எண்ணெய் தேய்த்த உடம்போடு ஓடுகிற தம்பியும் வந்தான்.

குனிந்து அவர் காதில் சொன்னாள்: "வேலூர்னு கேளுங்க சார். அதுக்கு அங்கிட்டு எடம் இருந்தா அங்க கேளுங்க. பக்கத்துல மட்டும் வேண்டாம்."

அவர் ஒரு கணம் அவளையே பார்த்துவிட்டு எழுந்தார். வேலூர் என்றே உத்தரவானது.

அம்மைக்கு இங்கிலீஷ் தெரியாது. வேலூர் தெரியும். வராந்தாவுக்கு வந்ததும் பளார் என்று விட்டாள் ஒரு அறை. கையிலிருந்த கட்டு சிதறிக் காகிதமெல்லாம் தரையில் பரந்தது. போகிற வருகிற வக்கீல்மார் நின்று பார்த்தார்கள்.

"மூதேவி! ஒங்கண்ணன் ரத்தம் ஒனக்குத் தண்ணியாட்டி? வெட்டுனவனப் பத்திரமா அனுப்பி வைக்கியே! ஒன்னப் பெத்த வயித்துல தீய வைக்க!"

"அவன அனுப்பலம்மா," என்றாள் சங்கரேஸ்வரி. கன்னம் காந்தியது. "தம்பியப் பிடிச்சு வச்சிருக்கேன். ஒனக்கு மிச்சம் அவன் ஒருத்தந்தான் இருக்கான்."

"என்னைய அம்மைன்னு கூப்பிடாத," என்று சொல்லிவிட்டு முப்பிடாதியம்மாள் விறுவிறுவென்று கேட்டைப் பார்த்து நடந்தாள். முந்தானை தரையில் இழுபட்டதைக்கூட எடுத்துச் செருகவில்லை.

சங்கரேஸ்வரி குனிந்து காகிதங்களைப் பொறுக்கினாள். தூணுக்கு அந்தப் பக்கம் ஆனந்தவள்ளியின் அழுகைச் சத்தம் கேட்டது. "வேலூராமே! அங்கன எங்களுக்கு ஒரு நாதியும் கெடையாதே. அவ்வளவு தூரத்துல எம்புள்ளைக்கு யாரு சோறு பொங்கிப் போடுவா?"

அவர்கள் பக்கத்து ஜூனியர் வக்கீல் சமாதானம் சொன்னான். "அழாதிய ஆச்சி. கொஞ்ச நாள் போகட்டும், ஒரு மனுப் போட்டுக் குற்றாலத்துக்கே மாத்திக்கிடலாம்."

சங்கரேஸ்வரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொறுக்கின காகிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நேரே ஆனந்தவள்ளியிடம் போனாள்.

"பெரியம்மை," என்றாள். ஆனந்தவள்ளி பயந்து தூணோடு ஒண்டினாள்.

"மனுப் போடாதிய பெரியம்மை. ஓட்டல் சோத்தயே திங்கட்டும். வயிறு எரியுதுன்னு சொல்லுவான், எரியட்டும். நீங்க அழுதுகிட்டே கெடங்க, ஆனா அவன் அங்கனயே இருக்கட்டும். பக்கத்துல மட்டும் கொண்டாந்திராதிய. நாங்க அப்பிடித்தான் கொண்டாந்தோம்."